மின்சாரச் சொகுசுக் காரா, ஜெர்மன் காரா? கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்கு ஒரு கணக்கு

போன இரண்டு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்வி. காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பும் மண்டியும் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், "தம்பி, அம்பது அறுபது லட்சத்துக்கு ஒரு வண்டி எடுக்கலாம்னு இருக்கேன், பையன் கரண்டு வண்டிதான் வேணுங்கறான், எனக்கு ஜெர்மன் வண்டி மேலதான் மனசு" என்றார். இன்னொருவர் ஓசூரில் வீடு கட்டிக்கொண்டு தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வருகிற சாஃப்ட்வேர் பொறியாளர். மூன்றாமவர் தர்மபுரியில் கிளினிக் நடத்தும் டாக்டரம்மா, மாதத்தில் இரண்டு முறை சென்னைக்குத் தானே ஓட்டிக்கொண்டு போகிறவர்.

மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் என்பதை ஒரே இடத்தில் எழுதிவிட்டால் இதே குழப்பத்தில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

என் அனுபவம் என்னவென்றால், ஆறு வருடமாக ஒரு ஜெர்மன் டீசல் செடான் வைத்திருக்கிறேன். என் மச்சான் வீட்டில் ஒன்றரை வருடமாக ஒரு மின்சார எஸ்.யு.வி. ஓடுகிறது, அதில் பாதி நெடும்பயணம் நான் ஓட்டியதுதான். சொந்த அனுபவத்தைச் சொல்லும் இடங்களில் கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை. ஒரு வண்டியில் நடந்ததை வைத்து அந்தக் கம்பெனியின் எல்லா வண்டியையும் எடைபோடுவது நியாயமில்லை.

## முதலில் எதை வைத்து அளப்பது

பெரும்பாலானவர்கள் பெட்ரோல் செலவில் ஆரம்பிக்கிறார்கள். இந்த விலை வண்டிக்கு அது கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். நான் பார்க்கச் சொல்லும் வரிசை இது.

ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? சொந்த வீடா, சொந்த ஷெட்டா, பக்கத்தில் உங்கள் பெயரில் இ.பி. மீட்டர் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் மற்றதைப் படிக்காமலேயே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

அடுத்தது சர்வீஸ். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர், தர்மபுரியிலிருந்து 135 சொச்சம். சொகுசு வண்டி எதுவானாலும் நம்மவர்கள் சர்வீஸுக்குப் போவது பெரும்பாலும் அங்கேதான், இல்லாவிட்டால் கோவை, சென்னை. ஆகவே வருடத்துக்கு எத்தனை முறை அங்கே போக வேண்டிவரும், வழியில் நின்றுவிட்டால் யார் வந்து தூக்குவார்கள் என்பது பெரிய விஷயம்.

அப்புறம் வரியும் சேர்த்த ஆன்-ரோடு விலை, உங்கள் வழக்கமான நெடும்பயணத்தின் தூரம், ஐந்து வருடம் கழித்து விற்றால் என்ன கிடைக்கும் என்பவை. கடைசியாக, பின் சீட்டில் யார் உட்காரப்போகிறார்கள் என்பது. இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் வயதான அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிற வீட்டில் இதுதான் தினமும் உறுத்தும்.

## போட்டியில் இருப்பது இரண்டு பேர் இல்லை, மூன்று பேர்

மின்சாரம் ஒரு பக்கம், ஜெர்மனி ஒரு பக்கம் என்று நினைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போகிறார்கள். உண்மையில் மூன்று வகை இருக்கிறது. அமெரிக்காவின் டெஸ்லா, சீனாவின் பி.ஒய்.டி. மாதிரி புதுக் கம்பெனிகளின் மின்சார வண்டி. பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ், ஆடி செய்கிற மின்சார வண்டி. அதே ஜெர்மன்காரர்களின் பெட்ரோல், டீசல் வண்டி. நடுவில் இருக்கிற இரண்டாவது வகையைப் பலர் கண்ணெடுத்தே பார்ப்பதில்லை.

இந்த 50, 60 லட்ச வட்டத்தில் நான்கு வண்டிகளை மட்டும் எடுத்து வைக்கிறேன். விலை எல்லாம் அறிமுகமானபோது சொன்ன ஷோரூம் விலை, இன்றைய விலையை டீலரிடம் எழுதி வாங்குங்கள்.

| | பி.ஒய்.டி. சீலயன் 7 | டெஸ்லா மாடல் ஒய் | பி.எம்.டபிள்யூ. ஐஎக்ஸ்1 | பி.எம்.டபிள்யூ. எக்ஸ்1 டீசல் |
|---|---|---|---|---|
| இந்தியாவுக்கு வந்தது | 2025 பிப்ரவரி | 2025 ஜூலை | நீள வீல்பேஸ் (முன், பின் சக்கர இடைவெளி) மாடல், 2025 ஜனவரி | இந்தத் தலைமுறை, 2023 ஜனவரி |
| ஆரம்ப விலை | 48.90 லட்சம் | 59.89 லட்சம் | 49 லட்சம் | 47.90 லட்சம் |
| எங்கிருந்து | சீனாவிலிருந்து இறக்குமதி | ஷாங்காயிலிருந்து இறக்குமதி | சென்னை ஆலை | சென்னை ஆலை |
| கம்பெனி சொல்லும் தூரம் | 567 கி.மீ. | 500 கி.மீ. | 531 கி.மீ. | பொருந்தாது |
| நான்கு வழிச் சாலையில் நான் நம்பும் தூரம் | 380 முதல் 420 | 370 முதல் 400 | 340 முதல் 380 | ஒரு டேங்குக்கு 650க்கு மேல் |
| தமிழ்நாட்டு ஆயுள் வரி | மின்சார வண்டிச் சலுகை | மின்சார வண்டிச் சலுகை | மின்சார வண்டிச் சலுகை | 20 சதவீதம் |

தூரக் கணக்கில் ஒரு விஷயம். பி.ஒய்.டி. சொல்வது பழைய ஐரோப்பியச் சோதனை முறைப்படி, டெஸ்லா சொல்வது புதிய, கடுமையான முறைப்படி, பி.எம்.டபிள்யூ. சொல்வது இந்தியச் சோதனை முறைப்படி. மூன்று வேறு அளவுகோல். அதனால்தான் 567, 500, 531 என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஏ.சி. போட்டு 100 வேகத்தில் போனால் 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட், கனமான வண்டியென்றால் 20, 21 யூனிட் என்று வைத்துக்கொண்டு பேட்டரியின் அளவை அதால் வகுத்து நூறால் பெருக்கிப் பாருங்கள், உண்மை வந்துவிடும்.

## புதுக் கம்பெனிகளின் மின்சார வண்டி

கொடுக்கிற காசுக்குப் பொருள் அதிகம். இதை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். சீலயன் 7ல் 82.56 யூனிட் பேட்டரி, அதே விலையில் வரும் ஐஎக்ஸ்1ல் 66.4 யூனிட். அதோடு பி.ஒய்.டி. பேட்டரி இரும்பு பாஸ்பேட் வகை. வெயிலுக்கும் அடிக்கும் ஓரளவு தாங்குவது, தினமும் 100 சதவீதம் ஏற்றினாலும் பெரிதாகக் குறை வராதது. ஜெர்மன் மின்சார வண்டிகளில் பெரும்பாலும் நிக்கல் வகை, அதைத் தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்துவதுதான் பேட்டரிக்கு நல்லது. ஏப்ரல், மே மாதத்தில் கிருஷ்ணகிரி வெயிலில் வண்டியை நிறுத்தி எடுக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

குறை எங்கே என்றால், சீலயன் 7க்குத் தரையிலிருந்து உயரம் 163 மில்லிமீட்டர்தான். நெடுஞ்சாலையில் பிரச்சினை இல்லை. ஊருக்குள் திரும்பும் இடத்தில் அவரவர் இஷ்டத்துக்குப் போட்டிருக்கிற வேகத்தடையில் ஐந்து பேரோடு ஏறும்போது வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அடியில் இருப்பது பேட்டரி. மாந்தோப்புக்குள் மண்பாதையில் கல் தூக்கி அடிக்கிற இடத்துக்கெல்லாம் இதைக் கொண்டுபோகவே கூடாது.

டெஸ்லாவைப் பற்றிச் சொல்வதென்றால், ஓட்டுவதற்கும் சாஃப்ட்வேருக்கும் அதற்கு ஈடு இன்னும் குறைவு. 2012ல் மாடல் எஸ் வந்தபிறகுதான் ஜெர்மன்காரர்களே மின்சாரத்தை வேகப்படுத்தினார்கள். ஆனால் இந்தியாவில் அவர்கள் மும்பையிலும் டெல்லியிலும் தொடங்கியவர்கள். நமக்கு வேண்டியது பெங்களூருவில் அடிபட்ட வண்டியைச் சரிசெய்து தரும் பட்டறை. புக் செய்வதற்கு முன்னால் அந்த இடத்துக்கு நேரில் போய், பம்பரும் முன் கண்ணாடியும் வர எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். முழுதாக இறக்குமதியாகும் எந்த வண்டிக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

வோல்வோவையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜெர்மன் இல்லை, சுவீடன் பெயர், சீன முதலாளி. ஆனால் பெங்களூருவை ஒட்டிய ஹோஸ்கோட்டையில் மின்சார வண்டிகளைக் கோர்க்கிறார்கள், ஓசூரிலிருந்து ஒரு மணி நேரச் சொச்ச தூரம்தான். சத்தமில்லாமல் நல்ல வண்டி.

## ஜெர்மன்காரர்களின் மின்சார வண்டி

2007ல் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பி.எம்.டபிள்யூ. ஆலை ஆரம்பித்தது. இன்று அதே ஆலையிலிருந்து எக்ஸ்1 டீசலும் வருகிறது, ஐஎக்ஸ்1 மின்சாரமும் வருகிறது. வெளியே பார்த்தால் ஒரே குடும்பம், ஷோரூம் விலையும் ஏறக்குறைய ஒன்று. வரி என்று வரும்போதுதான் வண்டி பிரிகிறது.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். ஐம்பது லட்ச டீசல் வண்டிக்குப் பத்து லட்சம், முதல் நாளே, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில். மின்சார வண்டிக்கு நம் மாநிலம் இந்த வரியில் விலக்கு கொடுத்துவருகிறது. அரசாணை ஒவ்வொன்றும் ஒரு தேதிவரைக்கும்தான் செல்லும், அதனால் உங்கள் வண்டி பதிவாகும் நாளில் சலுகை இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள், டீலர் வாயால் சொன்னதை நம்பி மட்டும் கொடுக்காதீர்கள்.

சரி, மத்திய வரி? 2025 செப்டம்பர் 22லிருந்து பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், மின்சாரக் காருக்கு 5 சதவீதம். இது ஷோரூம் விலையிலேயே கலந்திருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. 49 லட்சத்துக்கு வருகிற மின்சார வண்டியும் 49 லட்சத்துக்கு வருகிற டீசல் வண்டியும் ஒரே செலவில் செய்யப்பட்டவை இல்லை என்று மட்டும் புரிந்துகொண்டால் போதும்.

ஓசூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. அலுவலகம் பெங்களூருவில் இருக்கிறது, அங்கேயே கே.ஏ. நம்பரில் பதிந்துகொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். கர்நாடகாவில் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சார வண்டிக்கு 2024லிருந்து 10 சதவீத ஆயுள் வரி. ஐம்பது லட்சத்துக்கு ஐந்து லட்சம். ஓசூரில் குடியிருக்கிறவர் டி.என்.70ல் பதிவதுதான் சட்டப்படியும் சரி, காசுக்கும் சரி.

வண்டியாகப் பார்த்தால், கதவு மூடும் சத்தத்திலிருந்து சஸ்பென்ஷன் வரைக்கும் ஜெர்மன் கைவேலை தெரிகிறது. ஐஎக்ஸ்1ன் வீல்பேஸை 2,800 மில்லிமீட்டராக நீட்டியிருக்கிறார்கள், பின் சீட்டில் கால் நீட்ட இடம் தாராளம். ஆனால் பெரும்பாலான மின்சார வண்டிகளில் பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் கால் வைக்கும் தளம் உயர்ந்து முழங்கால் மேலே வந்துவிடும், தொடைக்கு அடியில் தாங்கல் குறையும். பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் இது தெரியாது. உங்கள் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லிப் பாருங்கள்.

மெர்சிடிஸ் பக்கம் ஈக்யூஏ, 2024ல் 66 லட்சத்துக்கு வந்தது. நல்ல வண்டி, ஆனால் அளவுக்கு விலை அதிகம் என்பது என் கருத்து. ஒன்றரைக் கோடிக்கு மேல் போகிறவர்களுக்கு 2022லிருந்து புனே பக்கத்தில் சாக்கனில் கோர்க்கப்படும் ஈக்யூஎஸ் இருக்கிறது, அது வேறு உலகம், இந்தக் கட்டுரைக்குள் வராது.

## ஜெர்மன் டீசல், பெட்ரோல்

ஆறு வருடம் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தொப்பூர் தாண்டி சேலம் ரோட்டில் நூற்றுப் பத்தில் இந்த வண்டி போகும்போது கிடைக்கிற நிதானம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. டேங்க் நிரப்பினால் மதுரை போய்த் திரும்பும் வழியில் பாதிவரை பங்க்கைப் பற்றி யோசிக்க வேண்டாம். ராத்திரி ஒரு மணிக்கு யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று வேலூருக்கு ஓட வேண்டும் என்றால், எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்க்காமல் சாவியை எடுக்கலாம்.

ஆனால் வாரன்ட்டி முடிந்த பிறகு வருவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கு ஐந்தாவது வருடத்தில் புகை வடிகட்டி அடைத்துக்கொண்டது, கூடவே புகைக்குழாயில் இருக்கும் சென்சார் ஒன்றும் போனது. கிருஷ்ணகிரியில் இருக்கும் என் மெக்கானிக் கைதேர்ந்தவர்தான், ஆனால் அதைத் திறந்து பார்க்கும் கம்ப்யூட்டர் அவரிடம் இல்லை. வண்டியை லாரியில் ஏற்றி பெங்களூருவுக்கு அனுப்பினேன், பதினொரு நாள் அங்கேயே நின்றது, பில் ஒன்றே முக்கால் லட்சம்.

காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். பி.எஸ்.6 (இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டியின் புகை வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நல்ல சூடு வேண்டும், அதற்கு நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். நானோ அந்த வருடம் முழுக்க வீட்டுக்கும் கடைக்கும் நான்கு கிலோமீட்டர், மீண்டும் நான்கு கிலோமீட்டர் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். டீசல் வாங்கிவிட்டு ஊருக்குள்ளேயே சுற்றுகிற யாருக்கும் இது நடக்கலாம். அப்படிப் பயன்படுத்துகிறவர்கள் ஜெர்மன்தான் வேண்டும் என்றால் பெட்ரோல் எடுங்கள்.

## கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

முதலில் இ.பி. மின்சார வண்டிக்கு வீட்டில் சார்ஜர் மாட்டித் தருகிறோம் என்று டீலர் சொல்வார். 11 கிலோவாட் சார்ஜர் என்றால் த்ரீ-ஃபேஸ் வேண்டும், லோடு கூட்டி எழுதிக்கொடுக்க வேண்டும், அதற்கு டெபாசிட் கட்ட வேண்டும், எர்த்திங் குழி புதிதாகப் போட வேண்டும். மச்சான் வீட்டில் எர்த்திங் சரியில்லை என்று முதல் பத்து நாள் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருந்தது. எலக்ட்ரீஷியன் புதுக் குழி போட்டு உப்பும் கரியும் கொட்டியபிறகுதான் வேலை செய்தது. கோடையில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற தெருவில் வீடு இருந்தால் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் சார்ஜ் ஆகும்படி டைமர் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு மாத பில்லைப் பாருங்கள். மாதம் 1,250 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 2,500. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 100 கிலோமீட்டருக்கு மீட்டரில் 20 யூனிட், ஆக 500 யூனிட் கூடும். ஏற்கெனவே ஏ.சி., மோட்டார் என்று 600 யூனிட் ஓடுகிற வீடாக இருந்தால் மொத்தம் 1,100. மேல் அடுக்கில் யூனிட்டுக்கு 11 ரூபாயைத் தாண்டுகிறது. அப்படியே பார்த்தாலும் கிலோமீட்டருக்கு இரண்டு, இரண்டேகால் ரூபாய். டீசலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் ஆறு ரூபாய்க்கு மேல். ரோட்டோர ஃபாஸ்ட் சார்ஜரில் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து யூனிட் 20 ரூபாய்க்கு மேல் போவதால் அங்கே நான்கு ரூபாய்க்குக் குறையாது.

வருடம் 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் வீட்டு சார்ஜில் மிச்சம் அறுபதாயிரம் ரூபாய் வாக்கில். ஐந்து வருடத்துக்கு மூன்று லட்சம். ஐம்பது லட்ச வண்டியில் இது முடிவை மாற்றுகிற தொகை இல்லை. முதல் நாள் கட்டாமல் விட்ட பத்து லட்ச வரிதான் பெரிய லாபம், எரிபொருள் இல்லை.

தோட்டத்து இலவச மின்சார இணைப்பிலிருந்து காருக்கு ஒயர் இழுக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கூடாது. அது பம்புசெட்டுக்கு மட்டும் கொடுத்தது. மாட்டினால் இணைப்பே போய்விடும். அதற்குப் பதில் வீட்டுக் கூரையில் சோலார் போடுங்கள். 3 கிலோவாட் போட்டால் மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய், நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு யூனிட் வரும், அறுபது கிலோமீட்டர் ஓட அது போதும்.

அடுத்தது மேடு. நாம் இருப்பது மலைச்சரிவான நாடு என்பதைக் காரில் போகும்போது மறந்துவிடுகிறோம். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர், ஓசூர் 900 மீட்டர். சென்னைக்குப் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். இரண்டு டன்னுக்கு மேல் கனமான வண்டியை 500 மீட்டர் தூக்கவே மூன்று யூனிட் போய்விடும், அதாவது 15, 20 கிலோமீட்டர். போன கார்த்திகையில் மச்சான் வண்டியில் சென்னையிலிருந்து திரும்பினோம். வேலூர் தாண்டி ஒரு ஓட்டல் வாசலில் இருந்த சார்ஜரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். அதிலிருந்த இரண்டு சார்ஜிங் கன்னில் (வண்டியில் சொருகும் பிளக்) ஒன்று வேலை செய்யவில்லை, இன்னொன்றில் ஒரு டாக்ஸி. பின்னால் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், காத்திருக்காமல் ஏ.சி.யைக் குறைத்துக்கொண்டு எண்பதில் ஓட்டி, வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது 6 சதவீதம். அன்றைக்கு எனக்கு நெஞ்சு படபடத்ததை மறைக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு போகும்போதே ஆம்பூரில் சாப்பிட நிறுத்தும் நேரத்தில் ஏற்றிக்கொள்வது, இரண்டாவதாக ஒரு சார்ஜரையும் மனதில் வைத்துக்கொள்வது என்று பழகிவிட்டோம், பிரச்சினை வரவில்லை. ஃபாஸ்ட் சார்ஜிங்கில் 150 கிலோவாட் எடுக்கும் என்று விளம்பரத்தில் சொன்னாலும் வழியில் 60 கிலோவாட் சார்ஜர் கிடைத்தால் 60தான் வரும், முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இறக்கத்தில் இதே கனம் நன்மை. தொப்பூர் கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மின்சார வண்டியில் காலை எடுத்தாலே மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடாவதில்லை, பேட்டரியும் கொஞ்சம் ஏறும். ஆனால் நூறு சதவீதம் ஏற்றியவுடனே இறக்கத்தில் இறங்கினால் அந்தப் பிடிப்பு குறைவாக இருக்கும், பேட்டரியில் போட இடம் இல்லாததால். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்குகிறவர்கள் 90 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு கிளம்பலாம்.

டயர் சீக்கிரம் தேயும், கனமும் இழுவையும் அதிகம் என்பதால். பல வண்டிகளில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட்தான். 19 இன்ச் டயர் வெடித்தால் நம் ஊர்க் கடையில் அதே அளவு கிடைக்காது, வரவழைக்க வேண்டும். இது ஜெர்மன் டீசலுக்கும் பொருந்தும்.

விற்கும் விலை. ஜெர்மன் டீசல் ஐந்து வருடத்தில் பாதிக்குப் பாதி போய்விடும் என்று செகண்ட் ஹேண்ட் சந்தை தெரிந்தவர்கள் சொல்வார்கள், ஆனால் வாங்க ஆள் வரும். மின்சார வண்டிக்கு விலை சொல்லவே தயங்குகிறார்கள். மெர்சிடிஸின் ஈக்யூசி 2020ல் இந்தியாவுக்கு வந்த முதல் சொகுசு மின்சாரக் கார், 99 லட்சம் சொச்சம். 2023ல் அந்த மாடலின் தயாரிப்பே நின்றுவிட்டது. 2025ல் மெர்சிடிஸ் புது சிஎல்ஏவையும் பி.எம்.டபிள்யூ. புது ஐஎக்ஸ்3யையும் வேகமாகச் சார்ஜ் ஏறும் 800 வோல்ட் முறையில் காட்டின, ஐஎக்ஸ்3 ஒரு சார்ஜில் 805 கிலோமீட்டர் போகும் என்கிறார்கள். இன்று ஷோரூமில் நிற்கும் 400 வோல்ட் வண்டிக்கு அது வயதைக் கூட்டிவிடும். மூன்று, நான்கு வருடத்தில் மாற்றுகிற பழக்கம் இருந்தால் மின்சார வண்டி வேண்டாம். பேட்டரி வாரன்ட்டி பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், அந்த எட்டு வருடமும் நானே ஓட்டப்போகிறேன் என்பவர்களுக்கு விற்கும் விலை பெரிய கவலை இல்லை.

தொழில் கணக்கில் வண்டி எடுப்பவர்கள், கல்குவாரி, மாம்பழக்கூழ் ஃபேக்டரி வைத்திருப்பவர்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். வருமான வரித் தேய்மானம் சாதாரணக் காருக்கு 15 சதவீதம், மின்சார வண்டிக்கு 40 சதவீதம். லாபம் காட்டும் தொழிலாக இருந்தால் இது நல்ல தொகை.

## அந்த மூன்று பேருக்கும் சொன்னது

ஓசூர் பொறியாளருக்கு யோசிக்கவே வேண்டியதில்லை, மின்சாரம்தான். எலக்ட்ரானிக் சிட்டி போய்வர ஐம்பது கிலோமீட்டர், பத்து யூனிட், 15 ஆம்பியர் ப்ளக்கில் போட்டாலே விடிவதற்குள் ஏறிவிடும், பெரிய சார்ஜர்கூட வேண்டாம். அத்திப்பள்ளி நெரிசலில் நின்று நின்று போகும்போது மின்சார வண்டிதான் குறைவாகச் செலவழிக்கும். சர்வீஸ் சென்டரும் போகிற வழியிலேயே. எட்டு வருடம் வைத்துக்கொள்வேன் என்றார், சீலயன் 7 எடுங்கள் என்றேன். வோல்வோவையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன்.

காவேரிப்பட்டணத்துப் பெரியவர் தினமும் போவது மண்டி, கிருஷ்ணகிரி, மண்டி. மொத்தமாக முப்பது கிலோமீட்டர் தாண்டாது, டீசல் எடுத்தால் எனக்கு வந்த பில் அவருக்கும் வரும். மாதம் ஒருமுறை தேவனஹள்ளி விமான நிலையம், போய்வர 260, வழியில் ஏற்றாமலே வந்துவிடலாம். சொந்த வீடு, கூரை முழுக்க வெயில், பின் சீட்டில் அவரும் அம்மாவும், ஓட்டுவது டிரைவர். ஐஎக்ஸ்1 பாருங்கள் ஐயா என்றேன், பையன் கேட்ட கரண்டும் உங்கள் மனசில் இருக்கிற ஜெர்மனியும் ஒன்றாகவே வருகிறது, தோப்புக்குப் போக அந்தப் பழைய பொலிரோவை விற்றுவிடாதீர்கள்.

தர்மபுரி டாக்டரம்மாவுக்குத்தான் அதிக நேரம் பேசினேன். அவருக்கு மின்சார வண்டி மேல் உண்மையான ஆசை. ஆனால் குடியிருப்பது வாடகை வீடு, கார் நிற்பது தெருவில், வீட்டுக்காரர் மீட்டரில் கைவைக்க விடமாட்டார். சென்னை ஒரு பக்கம் 300 கிலோமீட்டர், சில நாள் அன்றைக்கே திரும்ப வேண்டும், ராத்திரி தனியாக. வழியில் சார்ஜர் வேலை செய்யாத ஒரே ஒரு நாள் போதும். மாதம் 1,200 கிலோமீட்டர் நெடுஞ்சாலை என்பதால் புகை வடிகட்டியும் சுத்தமாக இருக்கும், டீசல் எக்ஸ்1 அவருக்குப் பொருந்தும். பத்து லட்ச வரி வலிக்கத்தான் செய்யும். கூடவே நீட்டிப்பு வாரன்ட்டியை முதல் நாளே வாங்கச் சொன்னேன். அவர் இலக்கியம்பட்டி பக்கம் மனை பார்த்துக்கொண்டிருக்கிறார், வீடு கட்டும்போது வாசலில் த்ரீ-ஃபேஸ் லைனுக்குக் குழாய் மட்டும் இப்போதே புதைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.